நாக்பூரில் ஒரு வாரம்: வண்டி, லேப்டாப், அம்மா

3 நவம்பர் 2025 – சென்னையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

கார்ல வடக்க போறவங்க எல்லாரும் நாக்பூர்ல ஒரு ராத்திரி படுத்து எழுந்து கிளம்பிடறாங்க. நீங்க அங்க அஞ்சு நாள் தங்கி வேலை பார்க்கப் போறதா எழுதியிருந்தீங்க. அந்த வெயில் ஊர்ல என்ன இருக்கு? ஹைதராபாத்ல தங்கலாம், எல்லா வசதியும் இருக்கு. இல்லைன்னா நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டுல ஒரு ரிசார்ட் போட்டு, புலியும் பார்த்து வேலையும் பார்க்கலாம். டிசம்பர்ல நானும் அந்தப் பக்கம் போறேன், அதான் கேக்கறேன்.

4 நவம்பர்

இடம் பார்த்து முடிவு பண்ணலைங்க, கிழமை பார்த்துப் பண்ணினது.

கோவையிலிருந்து ஜான்சி போகணும். தம்பி அங்க ராணுவக் குடியிருப்புல இருக்கான். அம்மாவுக்கு விமானம்னா காது அடைச்சுக்கும், ஏற மாட்டேங்கறாங்க. எனக்கு லீவு ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் கிடைச்சுது. சேலம் தொட்டுட்டா அப்புறம் ஜான்சி வரைக்கும் ஒரே ரோடு, தேசிய நெடுஞ்சாலை 44. வெள்ளி அனந்தப்பூர், சனி ஹைதராபாத் தாண்டி, ஞாயிறு நாக்பூர். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வேலை. அடுத்த சனி ஞாயிறுல மிச்ச தூரம். நாக்பூர்ல இருந்து ஜான்சி 600 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ரெண்டு நாள்ல அலுங்காம போயிடலாம். ஹைதராபாத்ல நின்னா அந்த சனி ஞாயிறுல 1,000 கி.மீ.க்கு மேல ஓட்டணும். அறுபத்தேழு வயசு அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு நான் அப்படி ஓட்ட மாட்டேன்.

பெஞ்ச் பத்தி: காட்டு ஓரத்துல சிக்னல் வரும், போகும். வாட்ஸப் பார்க்க அது போதும். லண்டன் கிளையண்ட் கூட ஒரு மணி நேரம் திரையைக் காட்டிப் பேச அது போதாது. புலியைத் தனியா லீவு போட்டுப் பாருங்க.

4 நவம்பர், ராத்திரி

ஒண்ணு விட்டுப்போச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி மேனேஜருக்கு ஒரு வரி மெயில் போட்டுடுங்க: இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரை இந்த ஊர்ல இருந்து வேலை பார்ப்பேன்னு. நிறைய கம்பெனியில லேப்டாப் எந்த ஊர்ல இருந்து உள்ள வருதுன்னு பார்க்கறாங்க. திடீர்னு மகாராஷ்டிரால இருந்து லாகின் ஆனா, பாதுகாப்புக் குழு கணக்கைப் பூட்டிட்டு அப்புறம்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. என் கூட வேலை பார்க்கற பையனுக்கு அப்படி ஆச்சு, அவன் போனது ஊட்டிக்கு.

9 நவம்பர், நாக்பூர்

வந்தாச்சு. கை இன்னும் ஸ்டியரிங் பிடிச்ச மாதிரியே இருக்கு, விவரமா நாளைக்கு.

10 நவம்பர்

பாதை பத்திக் கேட்டவங்களுக்குச் சுருக்கமா. பெங்களூரைத் தாண்டறதுதான் முதல் நாளோட பெரிய வேலை. எலெக்ட்ரானிக் சிட்டியில நுழைஞ்சு ஹெப்பால் தாண்டற வரைக்கும் எனக்கும் அம்மாவுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அதுக்கப்புறம் ஆந்திராவுல ரோடு வெறிச்சுனு கிடக்கு. ஹைதராபாத்தை உள்ள போகாம வெளிவட்டச் சாலையில சுத்தி மேட்சல்ல இறங்கிட்டோம். அங்க வேக வரம்பு 120, அம்மா போட்ட வரம்பு 80.

நிர்மல் பக்கம் கோதாவரி, அப்புறம் அடிலாபாத், அதைத் தாண்டினா பென்கங்கா. அந்தப் பாலத்துல மாநிலம் மாறுது. கரிசல் மண்ணு, ரெண்டு பக்கமும் பருத்தி. இப்ப பறிப்புக் காலம். டிராக்டர்ல மேல வரைக்கும் பஞ்சை ஏத்திட்டுப் போறாங்க, தாழ்ந்த கிளையில எல்லாம் உரசி உரசி வெள்ளையாத் தொங்குது. ஹிங்கன்காட் வரைக்கும் இந்தக் காட்சிதான். “நம்ம அவினாசி ரோட்டுல மில்லு ஓடின காலத்துல இப்படித்தான் பஞ்சு பறக்கும்”னு அம்மா ஆரம்பிச்சாங்க, ஊர் வந்ததே தெரியலை.

அடிலாபாத் தாண்டி ஒரு தாபாவுல தமிழ்ல பலகை. “தமிழ்நாடு சாப்பாடு, குளியல் வசதி.” நாமக்கல், சங்ககிரி லாரிங்க வரிசையா நின்னுது. ரசம் நல்லாவே இருந்தது. அம்மா ஒரு டிரைவர் அண்ணன்கிட்ட எங்க போறீங்கன்னு கேட்டாங்க. லூதியானான்னார். நாங்க ஜான்சின்னோம். “பக்கம்தான்மா”ன்னுட்டு கை கழுவப் போயிட்டார்.

டோல்: 2025 ஆகஸ்ட் 15ல வந்த ஃபாஸ்டாக் வருடப் பாஸ் போட்டிருந்தேன். அப்ப 3,000 ரூபாய், 200 சுங்கச்சாவடி இல்லைன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. இந்தப் பாதையில போய் வந்தாலே காசு தேறிடும். ஆனா ஹைதராபாத் வெளிவட்டம் இதுல வராது, தனியாப் பிடிப்பாங்க. மாநில அரசுச் சாலைகளும் அப்படித்தான். நாக்பூர்ல இருந்து மும்பை போற 701 கி.மீ. சம்ருத்தி சாலையில இந்தப் பாஸ் செல்லாது. அந்தப் பக்கம் திரும்பறவங்க ஃபாஸ்டாக் கணக்குல காசு வெச்சுக்குங்க.

11 நவம்பர்

தங்கற இடம் மாத்தியாச்சு.

முதல்ல போட்டது வார்தா ரோட்டுல ஒரு ஓட்டல். பேர் வேண்டாம். படத்துல மேஜை நாற்காலி எல்லாம் இருந்தது, நேர்ல பார்த்தா மேஜை முழங்கால் உயரம். வைஃபைக்கு ரூம் நம்பர் போட்டு உள்ள போற பக்கம் ஒண்ணு வரும் இல்லையா, அது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளிய தள்ளிடுது. நான் பேசிட்டே இருக்கேன், அந்தப் பக்கம் ஆள் இல்லை. போனை ஹாட்ஸ்பாட் ஆக்கித்தான் அன்னிக்கு ஒப்பேத்தினேன்.

இங்க வார்தா ரோட்டுல கீழே சாலை, அதுக்கு மேல மேம்பாலம், அதுக்கும் மேல மெட்ரோ, எல்லாம் ஒரே தூண்ல. 3.14 கி.மீ. நீளம், கின்னஸ்ல எல்லாம் இடம் பிடிச்சிருக்கு. பார்க்கப் பிரமாதம்தான். ஜன்னலுக்கு நேரா இருந்தா மூணு மாடிச் சத்தமும் உங்க மீட்டிங்ல கேக்கும்.

இப்ப தரம்பேட்டைல ஒரு அபார்ட்மெண்ட், வார வாடகை. மரம் நிறைய, பழைய வீடுங்க, அடக்கமான தெரு. சமையல்கட்டு இருக்கு. அம்மா முகத்துல இன்னிக்குத்தான் வெளிச்சம். டிக்கியில ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ரெண்டு சட்டி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எல்லாம் எனக்குத் தெரியாம ஏத்தியிருக்காங்க. நான் எதோ பெட்டின்னு நெனச்சுத் தூக்கிட்டு வந்தேன்.

புக் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி மூணே கேள்வி கேளுங்க. வைஃபை எந்த மாடியில இருக்கு? கரண்ட் போனா ஜெனரேட்டர்ல அதுவும் ஓடுமா? லாகின் பக்கம் வருமா, வெறும் பாஸ்வேர்டா? “சூப்பர் ஸ்பீடு மேடம்”னு பதில் வந்தா வேற இடம் பாருங்க.

11 நவம்பர், இன்னொண்ணு

ரெண்டு கம்பெனி சிம் வெச்சுக்குங்க, ஒண்ணு ஜியோ, ஒண்ணு ஏர்டெல் மாதிரி. ஒரே கம்பெனியில ரெண்டு சிம் வெச்சிருந்தா ரெண்டும் சேர்ந்துதான் படுக்கும்.

12 நவம்பர்

“அஞ்சு நாளும் வேலைன்னா ஊரை எப்பப் பார்ப்பீங்க?”ன்னு ஒருத்தர்.

லண்டன் ஷிஃப்ட்டோட ஒரே புண்ணியம் இது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தைப் பின்னால தள்ளிட்டாங்க, அதனால எனக்கு மதியம் ரெண்டரைக்குத்தான் ஆரம்பம். ராத்திரி பதினொண்ணு ஆயிடும், ஆனா காலை முழுக்க என்னுது. அமெரிக்க ஷிஃப்ட்டுக்காரங்க காலையில தூங்கணும், அவங்களுக்கு எந்த ஊரும் ஒண்ணுதான். நம்ம ஊர் நேரத்துல வேலை பார்க்கறவங்களுக்குச் சாயங்காலம் மட்டும்தான் மிஞ்சும். அவங்க ஏரி இருக்கற ஊராப் பார்த்துத் தங்கறது நல்லது. இங்க ஃபுட்டாலா, அம்பாஜரி ரெண்டும் ஊருக்குள்ளயே இருக்கு.

இன்னிக்குக் காலையில தர்ரி போஹா. தள்ளுவண்டியில ரெண்டு பாத்திரம். ஒண்ணுல மஞ்சளா ஆவி பறக்கற அவல். இன்னொண்ணுல கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பு, மேல ஒரு விரல்கடை சிவப்பு எண்ணெய். தட்டுல அவலைப் போட்டு, கரண்டியை அடி வரைக்கும் விட்டுக் கடலையை அள்ளி ஊத்தறார். எண்ணெய் வேண்டாம்னு சைகை காட்டினா, கரண்டி முதுகால எண்ணெயை ஒதுக்கிட்டு ஊத்தறார். மேல பச்சை வெங்காயம், மிக்ஸர், எலுமிச்சை. ஒரு பிளேட்டுக்கு அப்புறம் காதுல இருந்து அனல். அம்மா அவலைத் தனியா, குழம்பைத் தனியா வாங்கி, “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, எதுக்குக் கலக்கறாங்க”ன்னு கேட்டாங்க. சாவ்ஜி மட்டன் பக்கம் நான் போகலை. மதியம் மீட்டிங் வெச்சுக்கிட்டு அந்தக் காரத்தைச் சாப்பிடறது வேலையை மதிக்காத செயல்.

12 நவம்பர், வேலைக்கு நடுவுல

ஆரஞ்சு கேட்டவங்களுக்கு: வந்திருக்கு, ஆனா புளிப்பு. இங்க ரெண்டு பருவம். இப்ப வர்றது அம்பியா பருவத்துப் பழம், பிப்ரவரி மார்ச்ல வர்றது மிருக் பருவம், அதுதான் இனிப்பு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டெல்லி போறப்ப பிளாட்பாரத்துல பை பையா வாங்கி ஏமாந்தவங்க எந்த மாசத்துல வாங்கினோம்னு யோசிச்சுப் பாருங்க. ஆரஞ்சு பர்பி எல்லா மாசமும் ஒரே இனிப்பு, கொஞ்சம் அதிகமாவே.

13 நவம்பர்

ஜீரோ மைல் போயிட்டு வந்தோம். “அதுதானே இந்தியாவோட நடு மையம்?”னு கேட்டிருந்தவருக்கு: ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஆட்டோக்காரரும் சொன்னார். அது நில அளவைக்காரங்க 1907ல நட்ட உயரக் குறியீட்டுக் கல். இந்தியாவோட மையம்னு மத்தியப் பிரதேசத்துல கட்னி பக்கம் கரௌந்தின்னு ஒரு கிராமத்தையும் காட்டறாங்க. பிரிவினைக்கு முன்னாடி வரைபடமே வேற, ரெண்டுக்கும் ஒரே மையம் எப்படி வரும்?

கல்லுக்கு வருவோம். சட்டமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்துல, வண்டி போற ரோட்டோரம். மணற்கல் தூண், சுத்தி நாலு குதிரைச் சிலை. அம்மா குதிரை கூடப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எனக்குப் பிடிச்சது அந்த அறுகோணக் கல்தான். ஒவ்வொரு முகத்துலயும் ஊர் பேரும் மைல் கணக்கும் வெட்டியிருக்கு. ஜபல்பூர், சிவனி, சிந்த்வாரா, பேதுல்னு போகுது. ஹைதராபாத் 318 மைல். அதாவது 512 கி.மீ. நூறு வருஷத்துல ரோடு எத்தனையோ தடவை மாறியும் இன்னிக்கும் ஐந்நூறு சொச்சம்தான் வருது. கல்லோட உயரம் கடல் மட்டத்துக்கு மேல 1020.171 அடி. புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம்! எங்க ஓட்டல்காரங்க மேஜை உயரத்தை அளந்திருந்தா நான் அங்கயே தங்கியிருப்பேன்.

13 நவம்பர், ராத்திரி பதினொண்ணரை

தூக்கம் வரலை, அதனால இது.

நில அளவை பத்திப் பேச்சு வந்ததும் சென்னைக்காரர் ஒருத்தர் பரங்கிமலையை இழுத்திருந்தார். சரியாத்தான் இழுத்திருக்கார். 1802ல வில்லியம் லாம்ப்டன்னு ஒரு பிரிட்டிஷ் நில அளவை அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்தார். அங்க இருந்து முக்கோணம் முக்கோணமா அளந்துக்கிட்டு தெக்க குமரி வரைக்கும், அப்புறம் வடக்கயும் வந்துக்கிட்டே இருந்தார். கூடாரம், அரை டன் எடை இருக்கற கோணமானி, கூட ஒரு படையே ஆளுங்க. தஞ்சாவூர்ல கோபுரத்து மேல அந்தக் கருவியை ஏத்தறப்ப கயிறு அறுந்து அது சிதைஞ்சுது. ஆறு வாரம் கூடாரத்துக்குள்ள உக்காந்து தானே தட்டித் தட்டிச் சரி பண்ணினாராம். நாக்பூரை நோக்கி வர்ற வழியில 1823ல ஹிங்கன்காட்ல இறந்துட்டார். நாங்க ஞாயிற்றுக்கிழமை பஞ்சு பார்த்துக்கிட்டே கடந்து வந்த அதே ஹிங்கன்காட். கல்லறை அங்கதான் இருக்கு. அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால இறங்கலை.

ஊர் ஊராப் போய்க்கிட்டே வேலை பார்க்கறதை நாமதான் கண்டுபிடிச்ச மாதிரி பேசிக்கறோம். அந்த மனுஷன் இருபது வருஷம் பார்த்திருக்கார், வைஃபை இல்லாம. மேலிடத்துக் கணக்குப்பிள்ளைகிட்ட செலவுக்குப் பதில் சொல்ற வேலை மட்டும் அவருக்கும் இருந்திருக்கு.

14 நவம்பர்

டிசம்பர்ல வர்றவர் இதைக் கவனிங்க. மகாராஷ்டிர சட்டமன்றத்தோட குளிர்காலக் கூட்டம் நாக்பூர்லதான் நடக்கும், வழக்கமா டிசம்பர்ல. அமைச்சருங்க, அதிகாரிங்க, பத்திரிகைக்காரங்க, மனு கொடுக்க வர்றவங்க, போராட்டக்காரங்கன்னு பாதி மும்பை இங்க வந்து இறங்கிடும். ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் வாடகை ரெட்டிப்பு. வீட்டுக்காரம்மா இப்பவே அந்த வாரத்தை வித்தாச்சுன்னாங்க. தேதி பார்த்துட்டு முன்னாலயோ பின்னாலயோ வெச்சுக்குங்க.

தசரா சமயமும் இப்படித்தான். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ல பௌத்தம் தழுவின இடம் தீட்சாபூமி. அந்த நாளை ஒட்டி லட்சக்கணக்குல ஜனங்க வருவாங்க. நாங்க இன்னிக்குக் காலையில போனப்ப கூட்டமே இல்லை. பெரிய வெள்ளைக் குவிமாடம், உள்ள பேச்சுச் சத்தம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையா வந்தாங்க, ஒரு டீச்சர் மராத்தியில விளக்கினாங்க. அம்மாவுக்கு மராத்தி தெரியாது, ஆனா அந்தப் பிள்ளைங்க பின்னாடியே முழுசுத்தும் சுத்தி வந்தாங்க. நான் மீட்டிங்குக்கு நேரமாச்சுன்னு வாட்ச்சைக் காட்டினேன், கண்டுக்கவே இல்லை.

14 நவம்பர், இன்னும் கொஞ்சம்

முதல்ல எழுதினதை இப்பக் கொஞ்சம் திருத்திச் சொல்லணும்னு தோணுது. கிழமைக் கணக்கு மட்டும்னு சொன்னேன். இன்னொண்ணும் இருக்கு. சுற்றுலா ஊர்ல தங்கினா ஒவ்வொரு மீட்டிங்கும் எதையோ தவற விடற மாதிரி உறுத்தும். போன வருஷம் கூர்க்ல ஜன்னல் வழியா மலையைப் பார்த்துக்கிட்டே எக்ஸெல் போட்டேன், ரெண்டும் உருப்படலை. நாக்பூர் அப்படி இழுக்காது. காலையில ஒரு இடம் பார்த்தாலே நிறைவா இருக்கு, மதியம் நிம்மதியா வேலை ஓடுது. இதை ஊரைக் குறைச்சுச் சொல்றதா எடுத்துக்காதீங்க, எனக்கு இந்த ஊரைப் பிடிச்சுப்போச்சு.

வெயில் பத்தி ஒருத்தர் மறுபடி: மே மாசம் 45 டிகிரி தாண்டும், அப்ப வராதீங்க. இப்ப காலையில அம்மா சால்வை போர்த்திக்கறாங்க.

17 நவம்பர், ஜான்சி

நேத்து சாயங்காலம் வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை சாகர்ல தங்கல்.

நாக்பூர் தாண்டி மன்சர்ல இருந்து கவாசா வரைக்கும் பெஞ்ச் காட்டு வழி. ரோட்டைத் தூக்கிக் கட்டி, அடியில விலங்குங்க கடந்து போக வழி விட்டிருக்காங்க. மகாராஷ்டிரப் பகுதியில மட்டும் இப்படி ஒன்பது இடம், பெருசு 750 மீட்டர் அகலம். கேமரா வெச்சுப் பார்த்ததுல புலியே கீழ நடந்து போயிருக்கு. வழக்கு, இழுபறின்னு வருஷக்கணக்கா நின்னு கட்டின ரோடு இது. மேல போறப்ப பாலம்னே தெரியாது. அம்மா ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்துட்டே வந்தாங்க. நான் வண்டியை நிறுத்தலை, அங்க நிறுத்தவும் கூடாது.

நான் சொன்ன சிக்னல் விஷயம்: காட்டுக்குள்ள ரெண்டு சிம்மும் மாறி மாறிப் போய் வந்தது. வேலை நாளா இருந்திருந்தா கதை கந்தல்தான்.

பர்மான்ல நர்மதை. காரை ஓரம் கட்டிட்டு அம்மா கால் நனைச்சாங்க, ஒரு பாட்டில்ல தண்ணி பிடிச்சாங்க. சாகர் வரைக்கும் பாட்டிலை மடியிலயே வெச்சிருந்தாங்க.

23 நவம்பர்

மிச்சக் கேள்விகளுக்கு மொத்தமா.

மொத்தச் செலவு கேட்டவருக்கு: வார வாடகை அபார்ட்மெண்ட், ஓட்டல் வாடகையில பாதிக்குக் கொஞ்சம் மேல வந்தது. அம்மா சமைச்சதால சாப்பாட்டுச் செலவு காய்கறிக் காசு மட்டும்தான். அம்மா இல்லாதவங்க கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

காரை அஞ்சு நாள் தெருவுல விடலாமான்னு கேட்டவருக்கு: நான் விடலை, அபார்ட்மெண்ட்டுக்குள்ள நிழல் இருந்தது. நகருக்குள்ள மெட்ரோவுலயும் ஆட்டோவுலயும்தான் சுத்தினோம். சீதாபல்டில ரெண்டு மெட்ரோ தடமும் கூடுது, அங்க இறங்கினா எங்கயும் போயிடலாம். கிளம்பறதுக்கு முந்தின நாள் காத்து பார்த்தப்ப பின் டயர்ல ஒரு ஆணி. மெதுவா இறங்கிட்டிருந்தது. சனிக்கிழமை காட்டு வழியில அது தெரிஞ்சிருந்தா? அதனால வெள்ளிக்கிழமையே காத்து பாருங்க, கடை திறந்திருக்கும்.

திரும்பற வழி: அம்மா கேரளா எக்ஸ்பிரஸ்ல நேரா கோவைக்கு. தம்பி மனைவியும் கூடப் போறாங்க, அதனால கவலை இல்லை. “உன் கூட வந்தா வேகமாப் போறே”ன்னு என் மேல பழி. நான் தனியா ஓட்டிட்டு வரணும், அதனால இந்தத் தடவை தூரத்தைச் சின்னச் சின்னதாப் பிரிச்சிருக்கேன். ராத்திரி ஓட்டறது கிடையாது.

அமெரிக்க ஷிஃப்ட்டுக்காரர் ஒருத்தர், “அப்ப நான் என்னதான் பண்றது?”ன்னு கோவமாக் கேட்டிருக்கார். இருட்டான ரூம், தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத ரூம் கேட்டு வாங்குங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்தா ஆறு வரைக்கும் ஊர் உங்களுக்கு. தர்ரி போஹா வண்டி அந்நேரம் இருக்காது. வேலை முடிச்சுட்டுப் படுக்கறதுக்கு முன்னாடி காலை ஏழு மணிக்குப் போங்க, எண்ணெயை மட்டும் ஒதுக்கச் சொல்லிடுங்க.